நீண்ட கார்வை

லோனாவாலாவை அடுத்த கார்லா குகைகளுக்கு நான் போனது குடைவரைகளைப் பார்க்கும் ஆசையில்தான். மலைப்படிகள் ஏறி, குகை வாசலை ஒட்டியே இருக்கும் ஏக்வீரா தேவி கோயிலின் கூட்டத்தைக் கடந்து, பௌத்தர்கள் வழிபட்ட பெரிய சைத்திய மண்டபத்துக்குள் காலடி வைத்ததும் வெளியே கேட்டுக்கொண்டிருந்த மணியோசையும் கடைக்காரர்களின் கூவலும் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டன. ஏறத்தாழ 45 மீட்டர் நீளமும் 14 மீட்டர் உயரமும் கொண்ட அந்தக் கூடத்தைப் பாறைக்குள்ளிருந்து குடைந்தெடுத்திருக்கிறார்கள். வில்லாக வளைந்த கூரையின் அடியில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான மரவளைவுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. எனக்கு முன்னால் வந்திருந்த ஒரு பள்ளிச் சிறுவன் தூண்களுக்கு நடுவே நின்று ‘ஓ’ என்று குரல் கொடுத்தான். அவன் வாயை மூடிய பிறகும் அந்த ஒலி அடங்கவில்லை. கூரைக்கு ஏறி, கோடியில் இருக்கும் தூபியைச் சுற்றிக்கொண்டு, முன்னைவிடக் கனிந்த குரலாகத் திரும்பி வந்தது. அது முழுவதும் ஓயும்வரை அவன் அசையாமல் நின்றான்.

வீடு திரும்பிய பிறகு அந்தக் குகையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், தோமாஷ் ஸ்டான்கோ என்ற போலந்து நாட்டு ட்ரம்பெட் கலைஞர் 1980இல் அங்கேயும் தாஜ்மகாலிலும் தன்னந்தனியாக வாசித்து ஓர் இசைத்தட்டு பதிவு செய்திருக்கிறார் என்று அறிந்தேன். துணைக்குப் பியானோ இல்லை, டிரம்ஸ் இல்லை. சில ஸ்வரங்கள் வாசிக்கிறார், நிறுத்துகிறார், கல் அவற்றைத் திருப்பிச் சொல்லும்வரை காத்திருக்கிறார், பிறகு அந்த எதிரொலியின் மேலேயே அடுத்ததை வைக்கிறார். அன்று முதல் அவருடைய இசையைத் தேடித் தேடிக் கேட்டு வருகிறேன். அரை நூற்றாண்டுக்கும் மேல் நீண்ட அந்த இசை வாழ்க்கையில் இந்தக் காத்திருப்பு எங்கிருந்து வந்தது, அதைக் காப்பாற்றிக்கொள்ள அவர் என்ன பாடுபட்டார் என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஸ்டான்கோ 1942 ஜூலை 11 அன்று, ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த போலந்தின் தென்கிழக்கில் உள்ள ஷெஷூஃப் நகரில் பிறந்தார். போர் முடிந்து, ஸ்டாலினின் பிடிக்குள் போலந்து வந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் பிறந்த ஜாஸ், எதிரி நாட்டின் இசையாகக் கருதப்பட்டது. வானொலியில் அதற்கு இடம் இல்லை; இசைக் கலைஞர்கள் வீடுகளுக்குள் கூடி, தெருவுக்குக் கேட்காதபடி வாசித்தார்கள். போலந்துக்காரர்கள் அந்தக் காலத்தை ‘நிலத்தடிக் கல்லறைகளின் காலம்’ என்றே நினைவுகூர்கிறார்கள். ஸ்டாலின் இறந்த பிறகு இறுக்கம் தளர்ந்து, 1956 ஆகஸ்டில் பால்டிக் கடலோரத்துச் சோபோட் நகரில் முதல் ஜாஸ் விழா நடந்தபோது, அதைக் கேட்க ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டார்கள். அமெரிக்க அரசின் வெளிநாட்டு வானொலியில் வில்லிஸ் கானோவர் 1955 முதல் நடத்திவந்த ஜாஸ் நிகழ்ச்சி, இரும்புத்திரைக்கு அப்பால் இருந்தவர்களுக்காகவே ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாக உச்சரித்த அவருடைய குரலோடு, சிற்றலை வானொலிப் பெட்டிகள் வழியே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. 1958இல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் தம் குழுவோடு போலந்துக்கு வந்தார். பதினைந்து வயதுப் பையன் ஸ்டான்கோ நேரில் கேட்ட முதல் ஜாஸ் கச்சேரி அதுதான். சொல்லில் சொன்னால் ஆபத்தாகும் ஒன்றைச் சொல் இல்லாமலேயே சொல்லும் கலை என்று அந்தத் தலைமுறை ஜாஸைப் புரிந்துகொண்டது. இன்று அதைக் கேட்கும் நாம், அவர்கள் காதை எவ்வளவு தீட்டி வைத்துக்கொண்டு கேட்டிருப்பார்கள் என்பதைக் கொஞ்சமாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிராகோவ் இசைக் கல்லூரியில் ட்ரம்பெட் பயின்றுகொண்டிருந்த ஸ்டான்கோ, 1962இல் பியானோ கலைஞர் ஆடம் மகோவிச்சுடன் சேர்ந்து ‘ஜாஸ் டேரிங்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஆர்னெட் கோல்மன் அப்போதுதான் ஸ்வரக்கட்டின் வேலிகளை உடைத்துக்கொண்டிருந்தார்; அந்த வழியில் ஐரோப்பாவில் முதன்முதலாக நடக்கத் துணிந்த குழுக்களில் இதுவும் ஒன்று. அவர் அங்கேயே நின்றிருந்தால் வேகமும் முரட்டுத்தனமும் மிக்க இன்னொரு புரட்சிக்காரராகவே இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரைத் திசைதிருப்பியவர் ஒரு மருத்துவர்.

கிஷிஷ்டோஃப் திஷின்ஸ்கி காது, மூக்கு, தொண்டை மருத்துவம் படித்தவர். பகலில் மருத்துவமனையில் வேலை, இரவில் பியானோ. தாம் ஜாஸ் வாசிப்பது உடன் பணியாற்றுபவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக மேடைக்கென்று ‘கொமேடா’ என்ற பெயரை வைத்துக்கொண்டார். உலகம் இன்று அவரை அந்தப் பெயரில்தான் அறிகிறது. ரோமன் போலன்ஸ்கியின் முதல் முழுநீளப் படத்துக்கு இசையமைத்தவர் அவரே. 1963இல் ஸ்டான்கோவைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டபோது கொமேடாவுக்கு வயது 32, ஸ்டான்கோவுக்கு 21. கொமேடா அதிகம் பேசாதவர். இப்படி வாசி, அப்படி வாசி என்று எதுவும் சொல்வதில்லை. எழுதிய தாளைக் கொடுத்துவிட்டுப் பியானோ முன் உட்கார்ந்துவிடுவார். எளிமையின் மதிப்பை அவரிடம்தான் கற்றுக்கொண்டதாக ஸ்டான்கோ வாழ்நாள் முழுவதும் நேர்காணல்களில் சொல்லிவந்தார்.

1965 டிசம்பரில் வார்சாவில் பதிவான கொமேடாவின் ‘அஸ்டிக்மாட்டிக்’ இசைத்தட்டைக் கேட்டால் அந்தப் பாடம் எப்படி நடந்தது என்பது விளங்கும். அரசு இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘போலிஷ் ஜாஸ்’ வரிசையில் அது ஐந்தாவது. ஐரோப்பிய ஜாஸ் தன் சொந்தக் குரலில் பேசத் தொடங்கிய இடம் என்று பலர் அதைக் குறிப்பிடுகிறார்கள், நானும் அதை மறுக்க மாட்டேன். மொத்தம் மூன்றே உருப்படிகள். ஸ்பிக்னியெவ் நமிஸ்வோவ்ஸ்கியின் சாக்ஸபோன் கூர்மையாக முன்னே ஓட, இருபத்து மூன்று வயது ஸ்டான்கோ ஓடத் துடிப்பதும், பின்னால் பியானோ ஒன்றிரண்டு கனத்த ஸ்வரங்களை மட்டும் வைத்துவிட்டு மௌனமாகிவிடுவதும், அந்த மௌனத்துக்குள் இளைஞர் கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வருவதும் எனக்கு ஒவ்வொரு முறையும் கேட்கின்றன. ‘ஸ்வான்டெட்டிக்’ என்ற மூன்றாவது உருப்படியில் ட்ரம்பெட் ஓரிடத்தில் மெல்லக் கரகரத்து, ஸ்வரத்தின் விளிம்பு கிழிந்தாற்போல் ஒலிக்கிறது. பிற்காலத்தில் இரண்டே நொடியில் இது ஸ்டான்கோ என்று சொல்ல வைக்கும் அந்தக் கரகரப்பு அங்கேயே பிறந்துவிட்டது.

1968இல் கொமேடா ஹாலிவுட்டுக்குப் போனார். அங்கே போலன்ஸ்கியின் படத்துக்கு அவர் அமைத்த தாலாட்டு உலகெங்கும் பரவியது. அந்த ஆண்டின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விபத்தில் தலையில் அடிபட்டு நினைவிழந்தவர், தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, 1969 ஏப்ரல் 23 அன்று, தம் 38ஆவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னதாக இறந்துபோனார்.

ஸ்டான்கோ தம் பெயரில் வெளியிட்ட முதல் இசைத்தட்டு 1970இல் வந்தது. ‘கே-க்கான இசை’ என்பது அதன் தலைப்பு. அந்த எழுத்து யாரைக் குறிக்கிறது என்பதைப் போலந்தில் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அது அழுகை இசை அல்ல. ட்ரம்பெட், இரண்டு சாக்ஸபோன்கள், பேஸ், டிரம்ஸ் என ஐவர், பியானோவே இல்லை. கொமேடா உட்கார்ந்த இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்காமல் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் குழுவில் சாக்ஸபோன் வாசித்த ஸ்பிக்னியெவ் சைஃபெர்ட் பிறகு அதே குழுவில் வயலினுக்கு மாறி, ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஜாஸ் வயலின் கலைஞர்களில் ஒருவராக வளர்ந்து, 32 வயதில் புற்றுநோய்க்குப் பலியானார். அந்தத் தலைமுறையில் இப்படிப் பாதியில் அறுந்த வாழ்க்கைகள் அதிகம்.

ஐவர் குழு 1973இல் கலைந்த பிறகு, பின்லாந்து டிரம்ஸ் கலைஞர் எட்வர்ட் வெசாலாவுடன் ஸ்டான்கோவுக்கு ஏற்பட்ட நட்பு அவரை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது. வெசாலா தாளம் போடும் வகை டிரம்ஸ்காரர் அல்லர். சிம்பல்களில் அலையை எழுப்பி, அந்த அலையின் மேல் மற்றவர்களை மிதக்க விடுவார். தாளக்கட்டு இல்லாமல், ஆனால் உள்ளே ஒரு நடை ஓடிக்கொண்டே இருக்க, விருத்தம் பாடுவதுபோல் ஸ்வரங்களை விரித்துக்கொண்டு போகும் முறை ஸ்டான்கோவுக்கு அங்கேதான் முழுமையாகக் கைவந்தது. மியூனிக் நகரின் ஈசிஎம் நிறுவனத்துக்காக இருவரும் 1975இல் பதிவு செய்த ‘பல்லடினா’வில், அமெரிக்க ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்த டேவ் ஹாலண்ட் பேஸ் வாசித்தார். இரும்புத்திரைக்கு மேற்கே ஸ்டான்கோவின் பெயரைப் பலர் முதன்முதலாகக் கேட்டது அந்த இசைத்தட்டின் வழியேதான். பிறகு வந்ததுதான் இந்தியப் பயணமும், தாஜ்மகாலும், கார்லாவும். அங்கே கொமேடாவின் பியானோவும் இல்லை, வெசாலாவின் சிம்பலும் இல்லை. அவர் விட்ட இடைவெளியை நிரப்புவதற்கு மலை மட்டும் இருந்தது.

1980கள் அவருக்கு நல்ல காலம் அல்ல. 1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் இராணுவச் சட்டம் வந்தது. நாடே மூச்சடைத்து நின்றது. ஸ்டான்கோ மின்னணுக் கருவிகளோடு ‘ஃப்ரீலெக்ட்ரானிக்’ என்ற குழுவை நடத்தினார். 1984இல் அமெரிக்கப் பியானோ கலைஞர் செசில் டெய்லரின் பெருங்குழுவோடு மிலானில் வாசித்தார். அந்தப் பத்தாண்டின் மின்னணுப் பதிவுகளில் என் மனம் ஒன்றுவதில்லை. எல்லா மூலைகளும் நிரம்பியிருக்கின்றன, எதிரொலி வந்து உட்கார இடம் இல்லை. மதுவும் போதைப்பொருளும் தம்மைப் பிடித்திருந்த காலம் அது என்பதை ஸ்டான்கோ பின்னாளில் ஒளிவுமறைவின்றிப் பேசினார். 1990களில் அவற்றிலிருந்து மீண்டு வந்தார். ஆனால் மீண்ட நேரத்தில் பற்கள் போய்விட்டன.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை விளங்கிக்கொள்ள, ட்ரம்பெட்டில் ஒலி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நாகஸ்வரத்தில் சீவாளி துடிக்கிறது, அந்தத் துடிப்பைக் குழல் பெருக்குகிறது. ட்ரம்பெட்டில் சீவாளி கிடையாது. வாசிப்பவரின் உதடுதான் சீவாளி. கிண்ணம்போல் குழிந்த சிறிய வாய்முகப்பில் உதடுகளை இறுக்கி வைத்து ஊதும்போது அவை அதிர்கின்றன. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளப் பித்தளைக் குழாய் அந்த அதிர்வைச் ஸ்வரமாக்குகிறது. மூன்றே மூன்று வால்வுகளை வைத்துக்கொண்டு அத்தனை ஸ்வரங்களையும் எட்டுவதற்குக் காரணம், உதட்டின் இறுக்கத்தையும் மூச்சின் வேகத்தையும் மயிரிழை அளவில் மாற்றும் பயிற்சிதான். அந்த உதட்டைப் பின்னாலிருந்து தாங்கும் சுவர் முன்பற்கள். ஒருவருடைய பல் வரிசை எப்படியோ, அதைப் பொறுத்தே அவருடைய உதடு பழகுகிறது. பழகுவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. பல் போனால் தேர்ச்சி குறையும் என்று சொல்வது போதாது, கருவியே போய்விடுகிறது. சுவர் இடிந்த பிறகு ஐம்பது வயதில் ஒருவர் மீண்டும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்டான்கோ தொடங்கினார். திறமையான ஒரு பல் மருத்துவர் செய்து கொடுத்த செயற்கைப் பற்களை வைத்துக்கொண்டு, மணிக்கணக்காக ஒரே ஸ்வரத்தை நீட்டி நீட்டி வாசித்தார். நம் வாய்ப்பாட்டுக்காரர்கள் விடியற்காலையில் செய்யும் அகார சாதகத்துக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை: மூச்சு இருக்கும்வரை ஒரு கார்வை, பிறகு மூச்சு வாங்கி மறுபடியும் அதே கார்வை. அலுப்பூட்டும் பயிற்சி என்று அவரே அதைச் சொன்னார். உலக மேடைகளில் வாசித்த மனிதர், கச்சேரிகளுக்கு வாய்ப்பு குறைந்திருந்த நாள்களில், ஒரு அறைக்குள் தனியாக உட்கார்ந்து இசை என்று எவரும் சொல்ல முடியாத நீண்ட ஒற்றை ஒலிகளை ஊதிக்கொண்டிருப்பதை நான் அடிக்கடி கற்பனை செய்து பார்க்கிறேன். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி, விருதுகளோ புகழோ வந்த ஆண்டுகள் அல்ல, இந்த ஆண்டுகள்தான். 1995இல் ஈசிஎம் வழியே மீண்டும் வந்த இசைத்தட்டிலும் அதன் பிறகு வந்தவற்றிலும் அந்தச் சாதகம் கேட்கிறது. ஸ்வரம் சட்டென்று தொடங்குவதில்லை. முதலில் மூச்சு வருகிறது, பிறகு அந்த மூச்சு நிறம் பெற்று ஸ்வரமாகிறது. முன்பு ஓடித் தாண்டிய இடங்களில் இப்போது அவர் நிற்கிறார், நின்றபடியே ஒரு ஸ்வரத்தின் அடியில் இருக்கும் இருளைக் காட்டுகிறார்.

அந்தக் குரலோடுதான் அவர் தம் ஆசிரியரிடம் திரும்பினார். 1997இல் வெளிவந்த ‘லிட்டானியா’ முழுக்க முழுக்கக் கொமேடாவின் படைப்புகளால் ஆனது. போலன்ஸ்கியின் அந்த முதல் படத்தில் கொமேடாவுக்காகச் சாக்ஸபோன் வாசித்த சுவீடன்காரர் பெர்ன்ட் ரோசன்கிரன் இதிலும் இருந்தார். 1965இல் வாசித்த ‘ஸ்வான்டெட்டிக்’ இங்கேயும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் முப்பது ஆண்டுகளில் ஒரு மனிதரின் மூச்சு எப்படி மாறும் என்பதைக் கேட்கலாம். அமெரிக்கச் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் இறந்தபோது கொமேடா எழுதிய இரங்கல் இசையைக் குழுவினர் இருபது நிமிடத்துக்கும் மேல் விரித்து வாசிக்கிறார்கள். அந்தப் பழைய தாலாட்டு மட்டும் மூன்று இடங்களில், மூன்று விதமாக வருகிறது. கேட்பதற்கு நேரம் அதிகம் இல்லாதவர்கள் ஸ்டான்கோவின் இசையில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதானால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அதே ஆண்டுகளில் அவரைச் சுற்றி இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. பால்டிக் கரைக்கு அருகில் உள்ள கோஷலின் நகரத்துப் பள்ளி நண்பர்களான பியானோ கலைஞர் மார்ச்சின் வாசிலெவ்ஸ்கி, பேஸ் கலைஞர் ஸ்வாவோமிர் குர்கியேவிச் இருவரோடும், டிரம்ஸ் வாசிக்கும் மிஹாவ் மிஷ்கியேவிச் சேர்ந்திருந்தார். பதின்பருவத்தையே முழுதாகத் தாண்டாத இந்த மூவரையும் ஸ்டான்கோ தம்மோடு வாசிக்க அழைத்துக்கொண்டார். அவர்கள் தனியாக வெளியிட்ட முதல் இசைத்தட்டும் கொமேடாவின் இசைதான். தாம் கொமேடாவிடம் கற்றதுபோலவே, அதிகம் பேசாமல், மேடையில் பக்கத்தில் நிற்க வைத்தே அவர்களுக்குக் கற்பித்தார். குருகுலம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. 2002இல் நால்வரும் வெளியிட்ட இசைத்தட்டில் பதின்மூன்று உருப்படிகள். எதற்கும் தனிப்பெயர் கிடையாது, ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எண்கள் மட்டுமே. ஒரே உணர்வைச் சுற்றிச் சுற்றி வரும் அந்த இசையைக் கேட்டுத்தான் அமெரிக்க ரசிகர்களில் பெரும்பகுதியினர் ஸ்டான்கோவைக் கண்டுகொண்டார்கள். அதே ஆண்டு ஆஸ்திரியாவில் நிறுவப்பட்ட ஐரோப்பிய ஜாஸ் விருதும் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு அறுபது வயது.

பின்னாளில் வார்சாவிலும் நியூயார்க்கின் மன்ஹாட்டனிலும் மாறி மாறி வாழ்ந்து, அங்கே கியூபாவில் பிறந்த டேவிட் விரெல்லெஸ் போன்ற இளைஞர்களோடு புதிய குழு அமைத்தார். எழுத்தின் மேல் அவருக்கு எப்போதும் பற்று உண்டு. 2009இல் கிராகோவில் கவிஞர் விஸ்வாவா ஷிம்போர்ஸ்கா தம் கவிதைகளை வாசிக்க, ஸ்டான்கோ அவற்றுக்கு இடையே ட்ரம்பெட் வாசித்தார். நோபல் பரிசு பெற்ற அந்த மூதாட்டி 2012 பிப்ரவரியில் மறைந்த பிறகு, மறு ஆண்டு வெளிவந்த இரட்டை இசைத்தட்டுக்கு அவருடைய முதற்பெயரையே வைத்தார். அதன் முதல் உருப்படியும் இறுதி உருப்படியும் ஒரே மெட்டு. முதலில் கேட்கும்போது இரங்கலாகத் தெரிவது, கடைசியில் திரும்பி வரும்போது இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுபோல் ஒலிக்கிறது.

நுரையீரல் புற்றுநோய் அவரை 2018 ஜூலை 29 அன்று வார்சாவில் கொண்டுபோயிற்று. 76 வயது. மூச்சையே ஸ்வரமாக்கிய ஒருவருக்கு நுரையீரலில் நோய் வந்ததை என்னால் இன்றும் அமைதியாக எண்ணிப் பார்க்க முடியவில்லை.

2024இல் ஒரு புதிய இசைத்தட்டு வந்தது. 2004 செப்டம்பரில் மியூனிக்கில் அந்தப் போலந்து இளைஞர்கள் மூவரோடும் அவர் நடத்திய கச்சேரியின் பதிவு. இருபது ஆண்டுகளாகப் பேழையில் இருந்தது. வந்த அன்று இரவே விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். மெதுவான ஒரு பகுதியில் ட்ரம்பெட் ஒரு கார்வையைப் பிடித்து, அதன் விளிம்பு கரகரத்துத் தேய, மூச்சு மட்டும் மிஞ்சும் அளவுக்கு இறங்கி நிற்கிறது. வாசிலெவ்ஸ்கி உடனே பியானோவில் கை வைக்கவில்லை. அந்த ஒலி கூடத்தின் கோடி வரை போய்த் திரும்பட்டும் என்று விட்டுவிட்டு, அதன் பிறகே ஒரு ஸ்வரம் வைத்தார்.